ஹிப் ஹொப்பில் ஒரு லண்டன் பெரியப்பா

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்று மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டுகிறான். இந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால் நான். பென்டில் ஹில்லில் ஒரு குழந்தைக்கு முதலாவது பிறந்தநாள். அதன் மாமாமாரில் பாதிப் பேரைத்தான் சொல்லி முடித்திருக்கிறேன். மிச்சப் பாதி ஜெர்மனியில் இருக்கிறது.

அவன் கையில் பால் போத்தல் அடுக்கும் பிளாஸ்ரிக் பெட்டி. அதற்குள் இசைத்தட்டுகள். பெட்டியின் பாரத்தில் தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு பெண், சுவரில் சாய்ந்தபடி, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணி ஐந்து தாண்டிவிட்டது. ஐந்துக்கு அவர்களுடைய நேரம். ஆனால் பிள்ளைகளே, ஜெர்மனி மாமாமாரை விட்டுவிட்டு நான் எப்படி எழும்புவது?

போன கிழமை லிட்கம் தொழிற்சாலையில் என் முதல் நாளைப் பற்றி எழுதினேன். அது வாரநாள் கதை. இது ஞாயிற்றுக்கிழமைக் கதை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். திகதியை என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு ஞாபகம் இருப்பது வாசனைகள்தான்.

எல்லா மாமாவும் வரவேண்டும்

அது சிட்னியில் ஒரு சின்ன வானொலி நிலையம். பரமட்டாவுக்குக் கிட்ட, ஒரு பல் வைத்தியரின் மேல்மாடியில் இரண்டு அறைகள். சம்பளம் யாருக்கும் இல்லை. படி ஏறும்போது கராம்பு மணக்கும். உள்ளே போனால் பழைய கம்பளத்தின் ஈர வாசனை. காதில் மாட்டும் ஹெட்போனின் பஞ்சு உதிர்ந்து, நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது எல்லோருக்கும் காது கறுப்பாக இருக்கும். கிரேக்கருக்கும் அப்படித்தான், லெபனான்காரருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான்.

ஞாயிறு நாலு மணிக்குத் தமிழ் நிகழ்ச்சி. நான் படித்தது ஓ/எல் சோதனை வரைக்கும்தான். நல்ல குரல் என்று யாரோ சொல்லப்போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் நிகழ்ச்சியில் பாட்டு உண்டு, செய்தி உண்டு, மரண அறிவித்தல் உண்டு. ஆனால் எல்லோரும் காத்திருப்பது பிறந்தநாள் வாழ்த்துக்கு. வாழ்த்து என்றால் "இன்னாருக்கு வாழ்த்துகள்" என்று ஒரு வரியில் முடிகிற சாமான் இல்லை. அப்பா, அம்மா, அண்ணா, கனடாவில் இருக்கும் அப்பப்பா, பரிஸ் சித்தி, சித்தப்பா, நோர்வே மச்சான்மார், மச்சாள்மார் என்று போகும். ஒரு மாமாவை விட்டுவிட்டால், அடுத்த நாள் வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனுக்குப் பக்கத்துக் கடையில் அரிசி வாங்கும்போது அந்தக் குழந்தையின் தாய் என்னைப் பார்க்காத மாதிரிப் போவாள்.

அதனால்தான் ஒவ்வொரு கிழமையும் நேரம் பிந்தியது. அதனால்தான் அவன் கண்ணாடியில் நின்று மணிக்கட்டைத் தட்டினான்.

அன்று ஒருவழியாக ஜெர்மனியை முடித்துக்கொண்டு எழும்பினேன். அவன் என்னைத் தாண்டிப் போய்ப் பெட்டியை இறக்கினான். நல்ல கோபம். அந்தப் பெண்தான் என்னிடம் வந்தாள். அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலிஷ். எனக்கு எங்கட தமிழில்தான் அதைச் சொல்ல வரும்.

"அங்கிள், மூச்சு விடாமல் என்ன சொன்னனீங்கள்? அது ராப்தானே?"

நான் இல்லை, அது பிறந்தநாள் வாழ்த்து என்றேன். அவள் தோழன் பக்கம் திரும்பி, கேட்டியா, இந்த மனுசன் ஐந்து நிமிசமாகச் சொந்தக்காரரை மட்டுமே சொல்லியிருக்கிறார் என்றாள். அவன் முதல் தரம் சிரித்தான்.

றோல்ஸ், படிக்கட்டு, ஷெரி, கோஜோ

அவள் பெயர் ஷெரி. இந்த நாட்டின் ஆதிக் குடிமக்களில் ஒருத்தி, மவுண்ட் ட்ரூயிட்டில் வளர்ந்தவள். வரிகள் எழுதிப் பாடுவது அவள். அவன் கோஜோ. கானாவில் பிறந்து, சின்ன வயதில் பிளாக்டவுனுக்கு வந்தவன். இசைத்தட்டு சுழற்றுவது அவன் வேலை. ஐந்திலிருந்து ஆறு மணிவரை அவர்கள் இருவரும் ஹிப் ஹொப் நிகழ்ச்சி நடத்தினார்கள். ஹிப் ஹொப் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு எனக்குத்தான் யாராவது சொல்லவேண்டி இருந்தது.

நேரம் பிந்தினதுக்கு மன்னிப்பாக என் மனைவி, உங்கள் சாந்தி அன்ரி, ஒரு பெட்டி நிறைய மட்டன் றோல்ஸ் சுட்டுத் தந்தா. அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் நாலு மணிக்கு முன்னால் படிக்கட்டில் இருந்து சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. கோஜோ றோல்சைச் சாப்பிட்டுவிட்டு விரல் விரலாகத் துடைப்பான். எண்ணெய் இசைத்தட்டில் படக்கூடாது.

அவன் தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுப்பான், அது கீச்சிடும். நல்ல தட்டை ஏன் தம்பி காயப்படுத்துகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு பழைய தட்டை எடுத்து, அதில் பாட்டுக்கு நடுவில் எல்லா வாத்தியமும் நின்று, மேளம் மட்டும் வாசிக்கிற ஓர் இடத்தைப் போட்டுக் காட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"இந்த இடத்தை வாசிச்ச மனுசன்ர பெயர் மட்டையில் இல்லை அங்கிள். பாடினவர் பெயர் மட்டும்தான் இருக்கு. நான் இதைத் திரும்பத் திரும்பப் போட்டால், கொஞ்ச நேரம் அவர்தான் ராசா."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கோயில் திருவிழாவில் தவில்காரர் தனியாக வாசிக்கும் இடம் வரும்போது, கடலைக்காரன்கூடக் கடதாசிச் சுருள் மடிப்பதை நிறுத்திவிடுவான். அந்த இடத்தை இந்தப் பெடியன் முடியவே விடுகிறானில்லை. அவ்வளவுதான் விசயம். அதற்குப் பிறகு அந்தக் கீச்சு எனக்குக் காதைக் குத்தவில்லை.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. கோஜோ என்றால் திங்கட்கிழமை பிறந்த ஆண்பிள்ளையாம். அவர்களுக்குக் கிழமை, எங்களுக்கு நட்சத்திரம். ஷெரியின் தாயார் பக்கத்திலோ, யாராவது இறந்துவிட்டால் அவர் பெயரைக் கொஞ்சக் காலம் சொல்லவே மாட்டார்களாம். பெயரையும் ஓய விடவேண்டும் என்றாள். நான் மரண அறிவித்தல் வாசிக்கிறவன். நாங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லி அனுப்புகிறோம், அவர்கள் சொல்லாமல் அனுப்புகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே துக்கம்தான்.

பத்திரிகைக் கதை ஒன்று. ஒருதரம் ஒரு பத்திரிகைக்காரர் ஷெரியைப் படமெடுக்க வந்தார். கிறுக்கல் படம் வரைந்த ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி, கையைக் கட்டச் சொல்லி, சிரிக்கவேண்டாம் என்றாராம். ஷெரியோ நாள் முழுக்கச் சிரிக்கிற பிள்ளை. சிரிப்பை அடக்கி அடக்கி, கடைசியில் பேப்பரில் பல்வலிக்காரி மாதிரி வந்தது படம். கோஜோவை ஒரு விளம்பரத்துக்குக் கூப்பிட்டு, அமெரிக்கக்காரன் மாதிரிப் பேசு என்றார்களாம். நான் பிளாக்டவுன்காரன் மாதிரித்தான் பேசுவேன் என்றிருக்கிறான். வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

நானும் விடவில்லை. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பத்திரிகை வந்தபோது, ஜீன்ஸ் போட்டு நின்ற ஆசிரியையை வீட்டுக்கு அனுப்பிச் சேலை கட்டிவரச் சொன்ன கதையைச் சொன்னேன். கராம்பு மணக்கிற அந்தப் படிக்கட்டில் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில், பல் வைத்தியர் கதவைத் திறந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த மனுசன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று இன்றுவரை தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் மைக்கில் "வணக்கம் நேயர்களே" என்று பெரிய குரலில் தொடங்குவேன். சினிமாவில் வருகிற மாதிரி. ஷெரி ஒருநாள், படிக்கட்டில் பேசுகிற அங்கிள் எங்கே, உள்ளே இருக்கிற அங்கிள் யார் என்று கேட்டாள். தன்னையும் அமெரிக்கக் குரலில் பாடு, அப்போதுதான் தட்டு விற்கும் என்று எத்தனையோ பேர் சொன்னார்களாம். "என்ர வாயில் மவுண்ட் ட்ரூயிட்தான் இருக்கு அங்கிள், அதைத் துப்பிப்போட்டு என்னத்தைப் பாடுறது?" என்றாள்.

அடுத்த கிழமை நான் வாழ்த்துகளை வீட்டில் கதைக்கிற மாதிரியே வாசித்தேன். சாந்தி அன்ரி, இன்றைக்குத்தான் நீங்கள் சொன்னது விளங்கினது என்றா.

கென் வந்த நாள்

கென் நிலையத்தின் தலைவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், நேர்மையானவர். ஆனால் எதற்கும் ஓர் அத்தாட்சி வேண்டும் அவருக்கு.

அவர் ஒருநாள் றோல்ஸ் நேரத்தில் படியேறி வந்து விசயத்தைச் சொன்னார். தோட்டக்கலை நிகழ்ச்சி நடத்த ஒருவர் கேட்கிறார், ஞாயிறு ஐந்து மணி அவருக்குத் தோதாக இருக்கிறது. ஹிப் ஹொப்புக்கு ஒரு ரெலிபோன் அழைப்புக்கூட வருவதில்லை. யாரும் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்? வருகிற ஞாயிறு தானே ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு றோல்ஸ் எடுத்துக்கொண்டு போனார்.

கோஜோ துடைத்த விரல்களையே திரும்பவும் துடைத்தான். ஷெரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

பிறகு சொன்னாள். அவளுடைய அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. ஞாயிறு பின்னேரம் எப்போதும் அவவுக்கு வேலைதான். அங்கே துணி காயவைக்கிற மூன்றாவது டிரையருக்கு மேலே ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது. மகள் பாடும் இடங்களுக்கு அவ வருவதில்லை, அந்தச் சத்தமும் கூட்டமும் ஒத்துவராது. ஆனால் ஞாயிறு ஐந்து மணிக்கு அந்த ரேடியோவைப் போடுவா. அந்த இல்லத்து ரெலிபோன் மேலாளரின் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. எப்படி அழைப்பது? ஒவ்வொரு கிழமையும் ஷெரி நிகழ்ச்சியைத் தொடங்குவதே "மூன்றாவது டிரையருக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மாவுக்கு" என்றுதான். ஏதோ ராப் பாட்டு வரி என்று நான் நினைத்திருந்தேன்.

"கேட்கிற எல்லாராலயும் போன் எடுக்கேலாது அங்கிள்" என்றாள்.

வீட்டுக்கு வந்து குசினியில் இதைச் சொன்னேன். சாந்தி அன்ரி வெங்காயம் வெட்டிக்கொண்டே, "உங்கட ஆக்களுக்குப் போன் எடுக்கிறதைத் தவிர வேற என்ன வேலை? அவையளை எடுக்கச் சொல்லுங்கோ" என்றா.

எல்லோரும் போன் எடுத்தார்கள்

அந்த ஞாயிறு என் நிகழ்ச்சியைச் சரியாக ஐந்துக்கு முடித்தேன். சரித்திரத்தில் முதல் தரம். முடிக்குமுன் நேயர்களிடம் சொன்னேன்: ரேடியோவை நிற்பாட்டவேண்டாம், அடுத்து இரண்டு நல்ல பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களுக்கு ஒரு அழைப்பு எடுங்கோ.

எடுத்து என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளே, எங்கட ஆக்கள் வானொலிக்கு எதற்குப் போன் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

கென் நடைபாதையில் ஒரு கதிரை போட்டு, மடியில் ரெலிபோனை வைத்துக்கொண்டு இருந்தார். ஷெரி மூன்றாவது டிரையருக்கு வணக்கம் சொல்லி முடிக்கவில்லை, மணி அடித்தது. கென் எடுத்தார். கேட்டார். முகம் மாறிக்கொண்டே போனது. ரெலிபோனின் வாயைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு அம்மா கதைக்கிறா. புருசனுக்கு அறுபது வயசாம். நோர்வேயில் யாரோ இருக்கினமாம். எல்லாத்தையும் எழுதட்டாம். நான் என்ன செய்ய?"

பென்டில் ஹில் மகேஸ்வரி அன்ரி. நான் எழுதச் சொன்னேன். அவர் எழுதி முடிக்கவும் அடுத்த மணி. இரண்டு வயதுக் குழந்தை, பதினொரு மாமா. அதற்கடுத்தது ஒரு திருமண நாள். கென் தாளின் பின்பக்கத்துக்குப் போனார்.

முதல் தாளைக் கொண்டுபோய் ஸ்டூடியோவுக்குள் கொடுத்தேன். உள்ளே மேளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஷெரி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இது அவளுடைய நேரம். அவளுடைய பாட்டுக்கான இடம். அதை எங்கள் மச்சான்மாரைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டேனே.

அவள் தாளைத் தட்டி நிமிர்த்தினாள். பெயர்களை ஒருதரம் காதுக்குள் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மகாதேவா என்பதை மூன்று தரம் வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். கோஜோ மேளத்தை ஒரு படி தூக்கினான். அவள் தொடங்கினாள். அவள் சொன்னது இங்கிலிஷில். எனக்குத் தெரிந்த தமிழில் போட்டால் இப்படி வரும்:

பென்டில் ஹில் மகாதேவா, வயசு அறுபது,
பேரைக் கேட்டால் தெருவிளக்கு தானாய் எரியுது.
நோர்வேயில் ஒரு மச்சான், சுத்திவரப் பனி,
பரிஸில் ஒரு மச்சான், அவர் ஆள் தனி.

ஒருவரையும் விடவில்லை. எல்லா மச்சானும் வந்தார்கள். கோஜோ ஒவ்வொரு ஊருக்கும் தட்டை ஒரு கீச்சு இழுத்தான். நோர்வே, கீச். பரிஸ், கீச். எனக்குக் கால் தானாக ஆடியது. கண்ணாடிக்கு வெளியே கென் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார், அது அழைத்தவருக்கா மேளத்துக்கா என்று தெரியவில்லை.

பிறகுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒரு பெடியன் மவுண்ட் ட்ரூயிட்டில் இருந்து எடுத்தான். இது எங்கட நிகழ்ச்சி, யார் இந்த மகாதேவா, அவருக்கு அறுபது என்றால் என் மாமாவுக்கு அறுபத்தைந்து, அவரையும் சொல்லு என்றானாம். அதற்குப் பிறகு பிளாக்டவுனில் இருந்து ஒரு பெண், தன் கூடைப்பந்துக் குழு முழுவதையும் சொல்லச் சொன்னாள். கோஜோவின் சொந்தக்காரர் ஒருவர், திங்கட்கிழமை பிறந்த எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லு என்றார். பிறகு திரும்பவும் எங்கட ஆக்கள். கென் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். அவர் காதும் சிவந்துவிட்டது.

ஆறு மணிக்கு வெளியே வந்தபோது நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

கென் கேட்ட கேள்வி

கென் எழுதிய தாள்களை அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னது எங்களை அப்படியே நிறுத்திவிட்டது.

"போன் அடிச்சது உண்மைதான். ஆனால் இவையள் நிகழ்ச்சியைக் கேட்டவையளோ, தங்கட பெயர் வரும்வரைக்கும் காத்திருந்தவையளோ? கலியாணப் படத்தில் எல்லாரும் தங்கட முகத்தைத்தானே தேடுவினம்."

அடுத்த ஞாயிறு கழிந்து வருகிற செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும் என்றார். அதில் இனி அழைப்புகளைக் கணக்கில் எடுக்கமாட்டோம், யாராவது உண்மையாகக் கேட்கிறார்கள் என்று காட்டினால் போதும் என்றார்.

கேட்கிறதை எப்படிக் காட்டுவது? வாய்க்குச் சத்தம் உண்டு, காதுக்குச் சத்தமில்லை. கோஜோ தட்டுகளை ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டான். ஷெரி, கென் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அங்கிள் என்றாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்கள் வீட்டுப் பிறந்தநாள்

அடுத்த ஞாயிறு என் மகள் சிவதர்ஷினிக்குப் பதின்மூன்று. பள்ளிக்கூடத்தில் அவளை ஷிவ் என்பார்கள். முழுப் பெயரைச் சொல்ல முயற்சித்த ஒரே ஆசிரியர் பாதியில் இருமத் தொடங்கிவிட்டாராம்.

நான் வழக்கம்போல வாழ்த்தைத் தயார் பண்ணினேன். மகள் என்னைப் பார்த்து இங்கிலிஷில், அப்பா, தயவுசெய்து நீங்கள் வாசிக்கவேண்டாம், ஷெரி சொன்னால்தான் எனக்கு வேணும் என்றாள். ஐந்து வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாழ்த்துச் சொன்ன மனுசன். சாந்தி அன்ரி சிரிப்பை மறைக்கக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டா.

என் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு, காரை ஓட்டி வீட்டுக்கு ஓடி, நேயர் மாதிரி நானும் போன் எடுத்தேன். கென்தான் எடுத்தார். அன்றும் உதவிக்கு வந்திருந்தார். நான் யார் என்று தெரிந்தும் முறைப்படி எல்லாம் கேட்டார். பெயர், ஊர், வயது, உறவு. லண்டன் பெரியப்பாவைச் சொல்லும்போது, பாவம், அவர் சுவருக்குப் பெயின்ற் அடிக்க ஏறி ஏணியால் விழுந்து காலில் கட்டோடு இருக்கிறார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எந்தக் கால் என்று கேட்டார் கென். இடது கால் என்றேன். எழுதினார்.

குசினியில் ரேடியோவைக் கூட்டி வைத்தோம். மகள் நிலத்தில் இருந்து, தனக்கு ஒன்றுமில்லை என்ற மாதிரிக் கால்விரலுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

ஷெரி முழுப் பெயரையும் சொன்னாள். சி-வ-தர்-ஷி-னி. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடி. வென்ட்வேர்த்வில் சிவதர்ஷினிக்குப் பதின்மூன்று. பிறகு அப்பா, அம்மா, தம்பி, கனடா, பரிஸ். கடைசியில் லண்டன் பெரியப்பா ஏணியில் ஏறினார், தூரிகையை நனைத்தார், இடது காலில் விழுந்தார், கட்டுப் போட்டார். எல்லாவற்றுக்கும் கோஜோ கீச்சினான். சாந்தி அன்ரி கரண்டியோடு ஆடினா. நானும் ஆடினேன். மகள் எங்களைப் பார்த்து வெட்கப்பட்டு முகத்தை மூடினாள், மூடின கைக்குள் சிரிப்பது தெரிந்தது. சாயம் கன்னமெல்லாம் பட்டுவிட்டது.

திங்கட்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்தவள் புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் மேல்வகுப்புப் பெடியன் ஒருவன் வந்தானாம். அவனை இவளுக்குத் தெரியாது. முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டானாம். இவள் திரும்பியிருக்கிறாள். அவன் கேட்டானாம்:

"உன்ர லண்டன் பெரியப்பாவுக்குக் கால் இப்ப எப்படி?"

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அவன் நிகழ்ச்சிக்குப் போன் எடுக்கிற பெடியனா என்று கேட்டேன். அவனுடைய பெயர், அவன்ர ஆக்களின் பெயர் ஏதாவது வந்ததா?

மகள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "போன் எடுக்கிறதெல்லாம் உங்கட ஆக்கள் அப்பா. நாங்கள் சும்மா கேட்போம். எல்லாரும் கேட்பினம்."

செவ்வாய்க்கிழமை

கூட்டம் கீழே, பல் வைத்தியரின் காத்திருக்கும் அறையில். குழுவில் ஏழெட்டுப் பேர், பல் படங்களுக்குக் கீழே வரிசையாக இருந்தார்கள். தோட்டக்கலைக்காரரும் வந்திருந்தார், கையில் ஒரு சின்னச் செடி. ஷெரியும் கோஜோவும் வாசலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஷெரி அன்று சிரிக்கவில்லை.

எனக்குப் பேச அனுமதி தந்தார்கள். என் இங்கிலிஷ் தொழிற்சாலை இங்கிலிஷ். நான் நியாயம் ஒன்றும் பேசவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தப் பெடியன் ஒருநாளும் போன் எடுத்ததில்லை, அவனுடைய பெயர் வரவில்லை, எங்கள் குடும்பத்தை அவன் கண்டதுமில்லை, ஆனால் என் மகளின் பெயரை முழுசாகச் சொன்னான், என் அண்ணனின் காலைப் பற்றி விசாரித்தான் என்றேன். அவனைப் போல, டிரையருக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றேன். அதற்குமேல் இங்கிலிஷ் வரவில்லை. இருந்துவிட்டேன்.

தோட்டக்கலைக்காரர் செடியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். கென் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார்.

"சரி" என்றார். "எனக்கும் ஞாயிறு தொடக்கம் அதுதான் யோசனை. கால் இப்ப எப்படி?"

அண்ணா முதல்நாள்தான் போன் எடுத்திருந்தார். நான் சொல்ல வாயைத் திறந்தேன். கென் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இஞ்ச சொல்லவேண்டாம். ஞாயிறு ஐந்து மணிக்கு ஷெரி சொல்லட்டும். எல்லாரும் காத்துக்கொண்டு இருப்பினம்."